எட்டேகால் மணிக்கு ஒரு ஏற்புரை

விருது வாங்கியவர் மேடையிலேயே கோபப்பட்டுவிட்டால் அவரை என்ன சொல்வது? மே மாதத்தில் தொடங்கிய இந்தச் சண்டை எங்கள் நாடக ரசிகர்கள் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. "மரியாதை தெரியாத மனிதர்" என்கிறது ஒரு பக்கம். "நல்லா கொடுத்தார், வேணும் இவங்களுக்கு" என்கிறது இன்னொரு பக்கம். இரண்டு பக்கத்தோடும் என்னால் ஒத்துப்போக முடியவில்லை. இரண்டு வரியில் பதில் போட்டால் ஏதாவது ஒரு பக்கத்தில் என்னைச் சேர்த்துவிடுகிறார்கள். அதனால் இங்கே சாவகாசமாக எழுதுகிறேன்.

சென்னையில் ஒரு சபாவின் கோடை நாடக விழா, நிறைவு நாள். அழைப்பிதழில் 6 மணிக்குப் பரிசளிப்பு, 7 மணிக்கு நாடகம் என்று போட்டிருந்தார்கள். சிறந்த நாடகம், சிறந்த நடிகர், சிறந்த வசனம் எல்லாம் கொடுத்து முடித்த பிறகு, எழுபதைத் தாண்டிய ஒரு மூத்த நடிகருக்கு வாழ்நாள் சாதனை விருது. அவர் பேசியதைத்தான் இப்போது வரை எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் பெயரோ சபாவின் பெயரோ இங்கே வேண்டாம். ஒரு சபாவில் மட்டும் நடக்கிற விஷயமாக இருந்தால் நான் எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சபா நாடகத்துக்குப் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். முன்திரை இறங்கியிருக்கும். திரைக்கும் மேடை விளிம்புக்கும் நடுவே இருக்கிற குறுகலான இடத்தில் வரிசையாக நாற்காலி போட்டு, விழாவை அங்கேயே நடத்தி முடித்துவிடுவார்கள். திரைக்குப் பின்னால் அன்றைய நாடகத்தின் செட் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும். சோபா, வாசல் கதவு, சுவரில் சாமி படம், டெலிபோன் ஸ்டாண்டு எல்லாம் தயார். நடிகர்களும் தயார். முன்னால் உட்கார்ந்திருக்கிற நமக்கு அவர்கள் இருப்பதே தெரியாது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. என் அக்கா மகள் அந்த நாடகத்தில் நடித்தாள். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை. அரை நாள் லீவு போட்டுவிட்டு நாலரை மணிக்கே வந்துவிட்டாள். மேக்கப் மேன் ஒரே ஒருவர், அவர் முடிக்க வேண்டிய முகங்கள் பதினொன்று. அதனால் முதலில் உட்கார்ந்தவர்களுக்கு ஐந்து மணிக்கே முகம் முடிந்துவிட்டது. ஒட்டு மீசைக்காரர்கள் பாடு இன்னும் மோசம். ஸ்பிரிட் கம் என்கிற மீசைப் பசை காய்ந்த பிறகு சிரிக்கவும் முடியாது, சாப்பிடவும் முடியாது, வியர்த்தால் ஓரம் கிளம்பிவிடும். அரங்கத்தில் நமக்கெல்லாம் ஏசி. திரைக்குப் பின்னால் மே மாதத்து மெட்ராஸ். திரை அசையும், மைக்கில் சத்தம் விழும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்கள்.

ஏழு மணி தாண்டியதும் அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. "சித்தி, இன்னும் எத்தனை பேர் பேசணும்?" மேடையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவர்களை எண்ணிப் பார்த்து, நாலு பேர் என்று பதில் போட்டேன். அரை மணி கழித்து "முடிஞ்சுதா?" என்று கேட்டாள். இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். பேசியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் சிறுவயதில் கலைவாணர் அரங்கத்தில் நாடகம் பார்க்க அப்பாவின் தோளில் உட்கார்ந்து போன கதையைச் சொன்னார். நல்ல கதைதான், அவருக்குக் கண் கலங்கியது. இருபது நிமிடம் ஆனது. விழாவுக்குப் பணம் கொடுத்த கம்பெனிக்காரர் தன் தொழில் வளர்ந்த வரலாற்றைச் சொன்னார். தலைமை தாங்கியவர் ஒவ்வொருவர் பேசி முடித்த பிறகும் அதைத் தொகுத்துச் சொன்னார். பரிசு வாங்கியவர்களில் ஒருவருக்கும் மைக் தரப்படவில்லை. "நேரமின்மை காரணமாக" என்றார் தொகுப்பாளர்.

கடைசியில் பெரியவரின் முறை வந்தது. சந்தன மாலை, பொன்னாடை, கேடயம். போட்டோகிராபர் கை காட்டியதால் கேடயத்தை இரண்டாவது தடவையும் கொடுத்து வாங்கினார்கள். அப்புறம் மைக். எனக்கு நினைவிருக்கிற வரையில் அவர் பேசியது இவ்வளவுதான்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தத் திரைக்குப் பின்னாடி ஒரு குழு மேக்கப் போட்டுக்கிட்டு சாயங்காலத்துலேர்ந்து காத்துக்கிட்டு இருக்கு. ஏழு மணி நாடகம்னு கார்டு அடிச்சிருக்கீங்க. இப்ப மணி எட்டேகால். இங்க பேசின ஒருத்தராவது அவங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்களா? நாடகத்துக்கு விழா எடுக்கறோம்னு சொல்லி நாடகத்தையே நிறுத்தி வெச்சிருக்கோம். நம்ம செயலாளருக்கு நாடகம் வேண்டாம், போட்டோதான் வேணும். எனக்குப் பேச ஒண்ணுமில்லை. திரையைத் தூக்குங்க."

மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். பக்கவாட்டுப் படியில் மெதுவாக இறங்கி வந்து முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டார். நன்றியுரை சொல்ல வேண்டியவர் கையில் காகிதத்தோடு நின்றார். சிறப்பு விருந்தினர் எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் பாதி எழுந்தார். பின்வரிசைகளில் சிலர் கை தட்டினார்கள், பலர் தட்டவில்லை. செயலாளரின் முகத்தை நான் பார்த்தேன். அந்த முகம் எனக்கு மறக்காது.

நன்றி சொல்லாதவர்கள்

மேடையில் விருது வாங்கிவிட்டு எதிர்பாராத விதமாக நடந்துகொண்டவர்கள் நாடக உலகத்தில் பல பேர். நியூயார்க்கின் டோனி நாடக விருதுகள் 1947இலிருந்து கொடுக்கப்படுகின்றன. அங்கே பேச்சு நீண்டால் இசைக்குழு வாசிக்கத் தொடங்கிவிடும், இறங்கு என்று அர்த்தம். பேட்டி லுபோன் என்ற நடிகை 1980இல் ஒரு டோனி வாங்கியவர். அடுத்தது கிடைத்தது 2008இல். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இசை எழும்ப, வாயை மூடச் சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தொடர்ந்தார். அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் பலர் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தெட்டு வருடம் காத்திருந்தவருக்கு இன்னும் ஒரு நிமிடம் கொடுத்தால் என்ன? அதே ஆண்டு மார்க் ரைலன்ஸ் என்ற நடிகர் யாருக்கும் நன்றி சொல்லாமல் ஓர் அமெரிக்கக் கவிஞரின் உரைநடைக் கவிதையை ஒப்பித்துவிட்டு இறங்கினார். 2011இல் மறுபடி வாங்கியபோதும் இன்னொரு கவிதை. எனக்கு அவரை மேடையில் பார்க்கப் பிடிக்கும், ஆனால் இதை என்னால் ரசிக்க முடியவில்லை. அன்று அவரோடு நடித்தவர்கள், உடை தைத்தவர்கள், விளக்கு போட்டவர்கள் எல்லோரும் எங்கேயோ உட்கார்ந்து தங்கள் பெயர் வருமா என்று பார்த்திருப்பார்கள் இல்லையா?

ஜூலி ஆண்ட்ரூஸ் என்ற நடிகை 1996இல் செய்ததுதான் நம் பெரியவர் செய்ததற்குப் பக்கத்தில் வருகிறது. அவர் நடித்த இசை நாடகத்துக்கு அந்த வருடம் கிடைத்த ஒரே டோனி பரிந்துரை அவருக்குத்தான். இயக்குநர், சக நடிகர்கள், மற்றக் கலைஞர்கள் யாருக்கும் இல்லை. ஒரு பகல் காட்சி முடிந்து வணங்கும்போது, பார்வையாளர்கள் முன்னாலேயே அந்தப் பரிந்துரையை ஏற்க மாட்டேன், ஒதுக்கப்பட்ட என் சகாக்களோடு நிற்கிறேன் என்று அறிவித்தார். அதையும் அப்போது நாகரிகக் குறைவு என்று சொன்னவர்கள் இருந்தார்கள்.

நம் நாட்டிலும் உண்டு. 1959ஆம் வருடத்துப் பத்மபூஷண் பட்டியலில் இரண்டு நாடகக்காரர்கள். ஒருவர் வங்காளத்தின் சிசிர் குமார் பாதுரி. வேண்டாம் என்று திருப்பிவிட்டார். பட்டம் கொடுப்பது துதிபாடிகளைத்தான் உண்டாக்கும், அரசாங்கம் நாடகத்தின் மேல் அக்கறை வைத்திருக்கிறது என்ற தோற்றத்துக்கு நான் உதவ மாட்டேன் என்பது அவர் கட்சி. இன்னொருவர் நம் பம்மல் சம்பந்த முதலியார். ஏற்றுக்கொண்டார். 1891இல், பதினெட்டு வயதில் சுகுண விலாச சபாவைத் தொடங்கியவர் அவர். நடிப்பவனைக் கூத்தாடி என்று ஏசிய காலத்தில், படித்தவர்களையும் வக்கீல்களையும் மேடையேற்றியவர். விருது வந்தபோது வயது எண்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. கூத்தாடி என்ற வசவை இளமையில் கேட்டவருக்கு அந்தப் பட்டம் தனக்கு மட்டும் வந்ததாகத் தோன்றியிருக்காது என்று நான் நினைக்கிறேன். அவருடைய 'நாடக மேடை நினைவுகள்' நூலைப் படித்தவர்களுக்கு இது புரியும். தன்னோடு பெண் வேடத்தில் நடித்த ரங்கவடிவேலுவைப் பற்றி அவர் எழுதியிருக்கிற பக்கங்களை நான் எப்போது எடுத்தாலும் உடனே கீழே வைக்க முடிந்ததில்லை. நண்பரைப் பற்றிச் சொல்லாமல் தன்னைப் பற்றிச் சொல்ல அவருக்கு வழியே இல்லை.

பாதுரி மறுத்ததும் முதலியார் ஏற்றதும் எனக்கு ஒரே அளவு மரியாதையைத்தான் தருகின்றன. குரல் இனிமையா கசப்பா என்பதை வைத்து ஏற்புரையை எடை போட எனக்குச் சம்மதமில்லை. பேசுகிறவர் தன் கூட நின்றவர்களை அந்த நேரத்தில் நினைத்தாரா என்பதைத்தான் பார்க்கிறேன். அந்தக் கணக்கில், அன்று மாலை முதல் அந்த மேடையில் பேசிய அத்தனை பேரிலும் திரைக்குப் பின்னால் இருந்தவர்களை நினைத்தவர் பெரியவர் ஒருவர்தான்.

மறுநாள் போன்

இதோடு முடிந்திருந்தால் நானும் "நல்லா கொடுத்தார்" கட்சியில் சேர்ந்திருப்பேன். ஆனால் நாடகம் 8.40க்குத்தான் தொடங்கியது. நாற்காலிகளை எடுக்க வேண்டும், பேனரை இறக்க வேண்டும், மைக்கை மாற்ற வேண்டும். இயக்குநர் இடைவேளையை எடுத்துவிட்டார், இரண்டு சீனையும் வெட்டினார். என் அக்கா மகளுக்குப் பெரிய சீன் கடைசியில்தான். மகன் வீட்டை விற்றுவிட்டான் என்று தெரிந்த பிறகு மாமனாரிடம் அவள் தனியாகப் பேசுகிற இடம். அது வரும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. தாம்பரமும் ஆவடியும் போக வேண்டியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். பாதி அரங்கம் காலி. அவள் நன்றாகச் செய்தாள். பெரியவர் முன் வரிசையில் கடைசி வரை இருந்தார், அதையும் சொல்ல வேண்டும்.

ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது அவள் சொன்னாள். "அவர் பேசறப்ப உள்ள நாங்க எல்லாரும் கை தட்டினோம் சித்தி, சத்தம் வராம. மேக்கப் மாமா அழுதுட்டார்." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா டைரக்டர் சார் மட்டும் தட்டலை. பயந்துட்டார்" என்றாள்.

மறுநாள் காலை அந்த இயக்குநர் செயலாளருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார். நாங்கள் அவரிடம் எதுவும் சொல்லவில்லை சார், எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை சார் என்று. புழுக்கத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தவர், காத்திருக்க வைத்தவரிடம் மன்னிப்புக் கேட்கிறார். இந்தச் செய்தி என் காதுக்கு வந்த நாளிலிருந்துதான் இந்த விஷயம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

ஏன் கேட்டார் என்பது நாடகக்குழு நடத்துகிறவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். ஒரு நாடகத்தை ஒரு தடவை போட்டால் செட் செலவுகூடத் தேறாது. இந்தச் சபா, அந்தச் சபா என்று தேதி கிடைத்து, ஒரே செட்டை வேனில் ஏற்றி இறக்கிப் பல தடவை போட்டால்தான் கையைக் கடிக்காமல் தப்பலாம். தேதி கொடுப்பவர் செயலாளர். ஒரு செயலாளருக்கு மனம் கசந்தால் அது இன்னொரு செயலாளர் காதுக்கும் போகும். குழுவில் இருக்கிறவர்கள் எல்லோரும் பேங்க், ஐடி, ஸ்கூல் என்று வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறு ஒத்திகைக்கு வருகிறவர்கள். சம்பளத்துக்காக வரவில்லை, மேடைக்காக வருகிறார்கள். மேடையே கிடைக்காமல் போனால் என்ன செய்வார்கள்? பெரியவருக்கு இனி யாரிடமும் தேதி கேட்க வேண்டிய நிலை இல்லை. அவர் பேசியதற்கான விலையை அவர் யாருக்காகப் பேசினாரோ அவர்கள் கொடுக்கும்படி ஆயிற்று.

அதற்காக அவர் பேசாமல் இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த இயக்குநரால் பேச முடியாது. என் அக்கா மகளால் முடியாது. மேக்கப் மேனால் நிச்சயம் முடியாது. பேசக்கூடிய இடத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தான், அவர் பேசினார். ஆனால் செயலாளரைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு வரி வேண்டாம். அது தப்பு. உண்மையாகவும் இல்லை.

அந்தச் செயலாளரை எனக்குப் பல காலமாகத் தெரியும். தொண்ணூறுகளில் டிவி சீரியல்கள் வந்து சாயங்காலங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது சபாக்களின் உறுப்பினர் எண்ணிக்கை கரைந்தது. பல இடங்களில் நாடகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். இவர் குறைக்கவில்லை. அரங்க வாடகைக்கும் லைட்டுக்கும் மைக்குக்கும் ஆள் ஆளாகப் போய்ப் பணம் கேட்டு வாங்கி மாதா மாதம் நாடகம் நடத்துகிறார். மழை நாளில் வாசலில் நின்று வயதானவர்களுக்குக் குடை பிடித்துக் கூட்டிவருவார். நாடகம் வேண்டாம் என்று நினைக்கிற மனிதர் இதையெல்லாம் செய்ய மாட்டார். அவரைக் கூட்டத்துக்கு நடுவில், அவர் கூப்பிட்டு வைத்த விருந்தினர்கள் முன்னால், போட்டோவுக்கு அலைகிறவர் என்று சொன்னது அநியாயம். பெரியவரிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது, ஒரு பொதுவான நண்பர் வீட்டு நிச்சயதார்த்தத்தில். "நேரத்தைப் பத்திச் சொன்னதை நான் வாபஸ் வாங்க மாட்டேம்மா" என்றார். அதை வாங்கச் சொல்லவில்லை சார், அவரைப் பற்றிச் சொன்ன வரியைத்தான் என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. காபி குடித்தீர்களா என்று கேட்டார்.

விழா எங்கே, நாடகம் எங்கே

பணம் கொடுக்கிறவருக்கு மேடையில் மரியாதை வேண்டும் என்பது நம் ஊருக்குப் புதிதில்லை. பழைய நாடகக் கலைஞர்களின் புகைப்படங்களில் புரவலர்கள் கொடுத்த மெடல்கள் மார்பு நிறையத் தொங்குவதைப் பார்க்கலாம். தெருக்கூத்திலும், நடிகர்களைத் தனித்தனியே வரவழைத்துப் போடுகிற தென் மாவட்டங்களின் ஸ்பெஷல் நாடகத்திலும் இன்றும் ஆட்டத்துக்கு நடுவே அன்பளிப்பு வரும். நடிகர் சற்று நிறுத்தி, இன்னார் குடும்பத்தார் கொடுத்தது இவ்வளவு ரூபாய் என்று பெயர் சொல்லி வாழ்த்திவிட்டு விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்வார். கொடுத்தவருக்கும் திருப்தி, ஆட்டமும் நிற்காது. ஏற்புரை என்றால் எனக்கு அதுதான் அழகு. நாம் சபாவுக்கு வந்த பிறகு விழாவைத் தனியாகப் பிரித்து முன்னால் வைத்தோம், நாடகத்தைப் பின்னால் தள்ளினோம். விருது வாங்குகிறவர் பேச வரும்போது பார்வையாளர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பணிவாகப் பேசினாலும் யாரும் கேட்பதில்லை. நன்றிப் பட்டியல் வாசித்தால் கொட்டாவி. கோபமாகப் பேசினால் மட்டும் எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

போன வாரம் செயலாளரை நேரில் பார்த்து இதைச் சொன்னேன். புண்பட்டிருந்தார், இன்னும் ஆறவில்லை. ஆனால் பேச மறுக்கவில்லை. "நாடகம் முடிஞ்சு விழா வெச்சா யாரும்மா உட்காருவாங்க? காலி சேரைப் பார்த்து சீஃப் கெஸ்ட்டைப் பேசச் சொல்ல முடியுமா? அடுத்த வருஷம் அவர் பணம் தருவாரா?" என்றார். நியாயமான கேள்வி. இடைவேளையில் வையுங்கள் என்றேன். 7 மணிக்கு நாடகம், நடுவில் இருபது நிமிடம் விழா, விருது வாங்குகிறவர் முதலில் பேசட்டும், விருந்தினர் ஒருவர் மட்டும், அன்றைய குழுவில் எல்லோரையும் பின்னணி ஆட்களோடு மேடைக்குக் கூப்பிட்டுப் பெயர் சொல்லுங்கள். இடைவேளையைத் தொட்டால் கேன்டீன்காரர் சண்டைக்கு வருவார், அந்த வாடகையும் சபாவுக்கு வேண்டும் என்றார். அப்படியானால் விருது விழாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாக வையுங்கள் என்றேன். காலை வாடகை குறைவுதான் என்று ஒத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

அந்த நாடகக்குழுவுக்கு அடுத்த தேதி உண்டா என்றும் கேட்டேன். "அவங்க என்ன பண்ணினாங்க பாவம், அவங்களை நான் ஏன் விடப்போறேன்?" என்றார். இதை இயக்குநரிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன், தலையாட்டினார். பெரியவரைப் பற்றி நான் எடுத்ததும் பேச்சை மாற்றிவிட்டார்.

ஞாயிறு காலை யோசனையைக் கமிட்டியில் வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். மார்கழி சீசன் முடிந்த பிறகுதான் கமிட்டி கூடுமாம். ஜனவரியில் மறுபடி போய்க் கேட்பேன்.